வெள்ளி மாலையில் எஞ்சின் கொடுக்காத பவளக்கா

பவளக்கா இறந்த செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குக் காலுறை போட்டுக்கொண்டிருந்தேன். இரத்த ஓட்டத்துக்காக வைத்தியர் எழுதிக்கொடுக்கும் இறுக்கமான காலுறை அது. பாதியில் விட்டால் திரும்பவும் முதலிலிருந்து இழுக்கவேண்டும். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஹலோ என்றேன். மறுமுனையில் துளசி, பவளக்காவின் ஒரே மகள். டென்மார்க்கில், இந்த ரண்டர்ஸ் நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். அன்று அவள், "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். தமிழில் சொன்னதாலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மற்றக் காலுறையையும் போட்டு முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

மாலையில் துளசி மறுபடியும் எடுத்தாள். தகனசாலையில் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை பின்னேரம். அதை விட்டால் அடுத்த கிழமையும் தாண்டித்தான் இடமிருக்கிறதாம். மார்கழி மாதம். இங்கே அந்த நேரத்துக்குப் பொழுது பட்டுவிடும்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை இருட்டினாப் பிறகு அம்மா ஒண்டும் குடுக்கமாட்டா. அம்மாவை நாங்கள் குடுக்கலாமோ?"

"ஐயரைக் கேட்டனியோ?"

"கேட்டனான். அவர் ஓம் எண்டுறார். நான் கேக்கிறது அம்மா என்ன சொல்லியிருப்பா எண்டு."

"நேரத்தைப் பிடிச்சு வை. நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன். அவள் என்னைக் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த வெள்ளிக்கிழமை விஷயத்தில் பவளக்காவோடு என்னைப்போல் சண்டை பிடித்தவர்கள் வேறு யாரும் இல்லை. யோசிக்கத்தான் எனக்குத் தெம்பு இல்லை. அதனால் அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதிக்கொண்டே யோசிக்கத் தொடங்கினேன்.

உங்களில் பலருக்கு அவரை 'எஞ்சின் பவளம்' என்றுதான் தெரியும். அந்தப் பெயரை நம் ஆட்கள் நக்கலுக்குத்தான் வைத்தார்கள். கோயிலில் தேர்ப் பூசைக்கு வரிசையில் நிற்கும்போது யாரோ ஒரு அம்மா, "பொம்பிளையளுக்கு ஏன் உந்த ஊத்தை வேலை?" என்று காதுபடக் கேட்டார். பவளக்கா திரும்பி, "ஊத்தையைக் கழுவுறது பொம்பிளையளின்ரை வேலை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?" என்றார். பிறகு அந்த அம்மாவின் மருமகனே தன் பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினை எங்களிடம் கொண்டுவந்தது வேறு கதை.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வார்ப்பு உலோகத் துண்டுகளைத் தேய்த்து மினுக்கும் பகுதியில் வேலை செய்தவர்கள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. நான் மற்றப் பெண்களோடு முதியோர் பராமரிப்புப் படிக்கப் போனேன். பவளக்கா, தொழிற்சாலை தட்டுமுட்டுச் சாமான்களை விற்றபோது, தான் நின்று வேலை செய்த அந்தக் கபினெற்றையே வாங்கிவிட்டார். கண்ணாடி மணித்தூளைத் தண்ணீரோடு கலந்து உலோகத்தின்மீது பீச்சி அடிக்கும் இரும்பு அலமாரி அது. ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். "ஒரு மாதத்துக்கு வந்து கைகுடு" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரு மாதம் இந்த வருஷம் வரைக்கும் முடியவில்லை.

வந்த எஞ்சின்கள் எல்லாம் பழையவை. டென்மார்க்கில் ஒவ்வொரு பண்ணைவீட்டுக் கொட்டகையிலும், பெரியப்பாவோ மாமாவோ ஓடிய ஒரு மோட்டார் சைக்கிள் வைக்கோலுக்குக் கீழே கிடக்கும்போலிருக்கிறது. ஓய்வுபெற்ற ஆண்கள் அதைக் கண்டெடுத்து, கழற்றி, துண்டு துண்டாக எங்களிடம் கொண்டுவருவார்கள். எரிந்து தோலாகப் படிந்த எண்ணெய், கோழி எச்சம், அலுமினியத்தில் பூத்த வெள்ளைப் பூப்பு, சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் எலி கட்டிய கூடு. முதலில் கொதிதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்க்கவேண்டும். மூலைகளுக்குப் பல் தூரிகை. பிறகு எண்ணெய் ஓடும் ஒவ்வொரு துளையையும் ரப்பர் அடைப்பானால் அடைத்து, இரண்டு பாதிகள் பொருந்தும் ஓரங்களுக்கு நாடா ஒட்டி, கபினெற்றுக்குள் வைக்கவேண்டும். அதன் நீண்ட கையுறைகளுக்குள் கையை நுழைத்து, தண்ணீர் வழியும் சின்னக் கண்ணாடியால் பார்த்தபடி அடிக்கவேண்டும். கறுப்பு கரைந்து போய், அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் அலுமினியம் வெளியே வரும். அந்த நிமிடம் நன்றாகத்தான் இருக்கும். மற்ற நேரமெல்லாம் தோள் நோவு. வீட்டுக்குப் போய்ச் சீப்பால் தலை இழுக்கக் கை எழும்பாது.

அடித்து முடித்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைப்பேன். பவளக்காவுக்கு அப்போதுதான் வேலை தொடங்கும். கண்ணாடி மணி ஒன்று எண்ணெய்த் துளைக்குள் தங்கிவிட்டால் போதும், எஞ்சின் ஓடத்தொடங்கிய பிறகு அது உள்ளே எல்லாவற்றையும் அரைத்துவிடும். அதனால் கழுவுவார், ஊதுவார், திரும்பவும் கழுவுவார். வெள்ளைத் துணியைக் கீலம் கீலமாகக் கிழித்து, கம்பியில் சுற்றித் துளைக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பார்.

"வெளியிலை மினுங்குறது வாறவன் போறவன் எல்லாருக்கும் தெரியும். உள்ளுக்கை ஒண்டு கிடந்தா எங்களுக்கு மட்டுந்தான் தெரியும், வசந்தி. அதுதான் பயம்."

துணிக்கு அவர் கண்டுபிடித்தது தன் கணவர் தருமண்ணையின் வேட்டிகள். பழைய பருத்தி வேட்டியைப்போல் நூல் உதிராத துணி டென்மார்க்கில் கிடையாதாம். ஒரு தீபாவளிக்குத் தருமண்ணை அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "கட்டுறதுக்கு ஒண்டு விட்டு வைச்சிருக்கிறியோ, இல்லாட்டி நானும் எண்ணெய்க்குழாய்க்குள்ளை போறதோ?" என்று கேட்டார். அவர் அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. அதனால் அந்த ஒரு வசனத்தை நாங்கள் பல மாதம் சொல்லிச் சிரித்தோம். வேலை முடிந்ததும் பவளக்கா அந்தக் கீலங்களை எண்ணுவார். ஒன்று குறைந்தால், அது அகப்படும்வரை வீட்டுக்குப் போக விடமாட்டார். எஞ்சினுக்குள் மறந்துவிட்ட துணி எஞ்சினைக் கொல்லும்.

அவர் பிழையே விடாத ஆள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பித்தளைத் துண்டுகளுக்கு அவர் புளிதான் போடுவார், குத்துவிளக்குக்குப் போடுவதுபோல. நன்றாகவே வரும். கொட்டகைக்குள் புளி மணப்பதை வாடிக்கையாளர்கள் ஏதோ இரகசிய இரசாயனம் என்று நினைத்தார்கள். அந்தத் துணிவில் ஒருநாள் ஒரு முழுக் கார்புரேற்றரையே புளிக் கரைசலுக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அது பித்தளை அல்ல, துத்தநாகக் கலவை. காலையில் எடுத்தபோது அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்துப் பொருக்கு விட்டிருந்தது. நான், 'வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடலாமா?' என்கிற மாதிரி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே தொலைபேசியை எடுத்துத் தன் உடைந்த டேனிஷில், "நான் பழுதாக்கிப்போட்டன்" என்று சொன்னார். அதன் சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். வசந்த காலத்தில் இன்னொரு எஞ்சினோடு திரும்பி வந்தார்.

"நாங்கள் வீட்டிலை செய்யிறது எல்லாத்துக்கும் சரிவராது" என்றார் பவளக்கா.

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சரிவருமோ?" என்று நான் கேட்டேன்.

"அது வேறை."

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நம் வீடுகளில் வெள்ளி மாலை விளக்கு வைத்த பிறகு உப்போ ஊசியோ காசோ வெளியே கொடுப்பதில்லை. கொடுத்தால் லட்சுமியும் கூடப் போய்விடுவாள். பலர் இதை வீட்டோடு வைத்திருப்பார்கள். பவளக்கா கொட்டகைக்குள் கொண்டுவந்தார். சாவிகள் தொங்கும் தட்டில் ஒரு லட்சுமி படம், முன்னால் ஒரு சின்ன விளக்கு. அதை ஏற்றிவிட்டால் ஒரு திருகாணிகூட வாசல் தாண்டாது. கோடையில் பிரச்சினை இல்லை. சூரியன் படுக்கப்போவதே இல்லை. மாரியிலோ மதியச் சாப்பாடு செமிக்கமுன் இருட்டிவிடும். டேனிஷ்காரர்கள் வெள்ளிக்கிழமை நேரத்தோடு வேலை விட்டு, எஞ்சினை எடுக்கலாம் என்று நேரே எங்களிடம்தான் வருவார்கள். பவளக்கா வாசலில் நின்று, "வெள்ளி. இருட்டு. நாளைக்கு" என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். அவர்களில் ஒருவர் இதை ஏதோ தொழிலாளர் சட்டம் என்றே நம்பியிருந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்குத்தான் எரிச்சல். எடுத்துக் கொடுக்கச் சனிக்கிழமையும் நான் வரவேண்டும். எனக்கு இருந்த ஒரேயொரு விடுமுறை நாள் அது.

லார்ஸ் என்பவன் தன் தகப்பனின் மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கொண்டுவந்திருந்தான். தகப்பன் அய்னர் இளவயதில் ஓடியது. அவர் நோயில் விழுந்த பிறகு லார்ஸ் அதைக் கழற்றத் தொடங்கினான். நாங்கள் தேய்த்து முடித்து, வெளி உறைகளைத் திரும்பப் பொருத்தி வைத்திருந்தோம். தைமாத வெள்ளிக்கிழமை ஒன்றில், பவளக்கா விளக்கு ஏற்றித் திரும்பியபோது லார்ஸ் வாசலில் நின்றான். அவனுடைய தகப்பனை இறுதிநாட்களைக் கழிக்கும் இல்லத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்தக் கிழமை தாண்டாது என்கிறார்கள். எஞ்சினை இப்போதே கொடுத்தால் கொண்டுபோய்க் காட்டுவேன் என்றான்.

பவளக்கா விளக்கைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "நாளைக்கு" என்றார்.

அவன் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் கையுறையைக் கழற்றி மேசையில் அடித்தேன். "அக்கா, உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ? அந்தாள் நாளைக்கு இருக்குமோ?" என்று கத்தினேன். அவர் எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"மற்றப் பக்கத்தைப் பிடி. வானிலை ஏத்துவம்."

"குடுக்கேலாது எண்டியள்?"

"ஆர் குடுக்கிறது? நான் என்ரை கையாலை கொண்டுபோய்க் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டுவாறன். குடுக்கிறது வேறை, காட்டுறது வேறை."

இந்த நியாயத்தை எந்த ஐயரிடம் கேட்டு எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. லார்ஸின் காருக்குப் பின்னால் எங்கள் வான் போனது. இரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத் தாதி ஒருவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு ஒரு துவாயைக் கட்டிலில் விரித்தார். அய்னரின் கையைப் பிடித்து லார்ஸ் எஞ்சின்மீது வைத்தான். விரல்கள் தகடுகளின்மேல் மெதுவாக ஊர்ந்தன. கிழவர் ஏதோ சொன்னார். லார்ஸின் முகம் வாடிவிட்டது.

"இது யாருடையது என்று கேட்கிறார்" என்றான். "தன்னுடையது எண்ணெய் மணக்குமாம். இது ஒன்றும் மணக்கவில்லையாம்."

அத்தனை நாள் தோள் நோகத் தேய்த்ததெல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். பவளக்கா அறையை விட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே எண்ணினேன். ஜன்னலால் பார்த்தால், இருட்டில் வானின் பொனெற்றைத் திறந்து நிற்கிறார். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, வேட்டிக் கீலம் ஒன்றில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நன்றாக ஓடிக் கறுத்த பழைய எண்ணெய். அந்தத் துணியை அவர் கிழவரின் மூக்கருகில் பிடித்தார். கிழவர் மூச்சை இழுத்தார். அவருடைய கை மறுபடியும் எஞ்சினைத் தேடியது. இந்த முறை அதை விடவில்லை. லார்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரும்பும்போது எஞ்சினை அங்கேயே விட்டுவிடுவோம் என்று நான் கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை" என்றார். திரும்பவும் தூக்கினோம். வானில் ஏறும்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சனி காலை லார்ஸ் வந்தான். தகப்பன் விடியமுன் போய்விட்டார். "அந்தத் துணி அவருடைய கைக்குள்தான் இருந்தது. எடுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டோம்" என்றான். அவன் எஞ்சினோடு போன பிறகு நான் பவளக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை துணியைக் குடுத்திட்டியள்."

"குடுக்கேல்லை. மறந்துபோய் விட்டிட்டு வந்தனான்."

அவர் ஒரு கீலத்தைக்கூட மறந்த ஆள் இல்லை.

இந்த ஆவணி மாதத்தில் அவருக்கு இதயம் பலவீனம் என்றார்கள். தூக்கக் கூடாது, குனியக் கூடாது. அவர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் செய்வதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடித்தபடி இருந்தார். காலையில் இல்லத்துக் கிழவர்கள், மதியத்துக்குப் பிறகு எஞ்சின்கள், இடையில் இவரின் வாய். உண்மையைச் சொன்னால் நான் அலுத்துப்போயிருந்தேன். கார்த்திகையில் அவரை ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்கள், அந்த நாற்காலியும் வெறுமையானது. மனம் ஆறுதலடையும் என்று நினைத்திருந்தேன், அடையவில்லை. என் வேலையில் பிழை பிடிக்க ஒருவரும் இல்லாத கொட்டகை எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

இவ்வளவையும் யோசித்து, துளசிக்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். குடுக்கிறது வேறை, கொண்டுபோய் விடுகிறது வேறை என்று சொல்லலாம் என்று. பவளக்காவே ஒத்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தகனசாலையின் சின்ன மண்டபம் நிறைந்துவிட்டது. தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பின்வரிசையில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் ஆண்கள், கறுப்புக் கோட்டுகளில். லார்ஸ் தகப்பனின் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் காரில் வந்திருந்தான். பனி உருகுவதற்குத் தெருவெல்லாம் உலோகத்தை அரிக்கிற உப்புப் போட்டிருக்கிற மாரியில் பழைய எஞ்சினை வெளியே எடுத்தால் அக்கா பெட்டிக்குள்ளிருந்தே ஏசுவார் என்பது அவனுக்குத் தெரியும். தேவாரம் முடிந்தது. வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மூடிய பெட்டியருகில் தகனசாலை ஊழியர் கைகளைக் கோர்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது.

துளசி பெட்டியின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அன்ரி, குடுக்கவோ?"

நான் வாயைத் திறந்தேன். தயாராக்கி வைத்த பதில் அந்த நேரம் வெறும் கெட்டித்தனமாகத் தோன்றியது. அழுகைதான் வந்தது.

முன்வரிசையில் இருந்த தருமண்ணை எழுந்து வந்து மகளின் பக்கத்தில் நின்றார். அவர் கட்டியிருந்த வேட்டி புதியது.

"விளக்கு வைச்சாப் பிறகுதான் பிள்ளை குடுக்கக் கூடாது. இண்டைக்கு எங்கடை வீட்டிலை விளக்கு வைக்கேல்லை." பெட்டியைக் காட்டினார். "வைக்கிறவ இதுக்குள்ளையெல்லோ கிடக்கிறா. குடு."

துளசி கையை எடுத்தாள்.

கபினெற்றை லார்ஸ் எடுத்துக்கொள்கிறான். நான் வேண்டாம் என்றுவிட்டேன். என் தோள்களுக்கு இனி இயலாது. வெள்ளிக்கிழமைச் சண்டைகளைப் பற்றி மேலே எழுதினேன். சண்டைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எழுதவில்லை. எஞ்சின் எதுவும் வெளியே போகாது என்றான பிறகு கபினெற்றில் அடிப்பதற்கும் அவசரம் இல்லை. அவர் கம்பிரசரை நிற்பாட்டுவார். இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றுவார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவர் பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு கிழமையில் நான் உட்கார்ந்து ஆறிய நேரம் அது ஒன்றுதான். அவர் இருந்த காலத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

நேற்று முதியோர் இல்லத்துப் பொறுப்பாளர் அழைத்தாள். ஆள் குறைவாம், வெள்ளிக்கிழமை மாலை வேலைக்கு வரமுடியுமா என்றாள். இத்தனை வருஷத்தில் நான் முடியாது என்று சொன்னதில்லை. இந்த முறை சொன்னேன். ஏன் என்று கேட்டாள். "இருட்டிவிடும்" என்றேன். அவளுக்கு அது விளங்கியிருக்காது. பவளக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மாலைதான். அதை இனி ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.